நாலாவது வாரம்

யார் எதைக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்வார். சாப்பிட மட்டும் மாட்டார்.

பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியில், தேர்வுப் பிரிவில், எனக்கு எதிர் மேசை அவருடையது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். கல்யாணம் முடித்து வந்தவர்கள் லட்டு கொண்டுவருவார்கள். கோயிலுக்குப் போய்வந்த பியூன் அண்ணன் பொங்கலை இலையில் வைத்து ஒவ்வொரு மேசையாக நீட்டுவார். அவர் சிரித்த முகமாக இரண்டு கையாலும் வாங்குவார். "அப்புறமா சாப்பிடுறேன்" என்று காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைப்பார். அந்த அப்புறம் எப்போது வருகிறது என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு மறுநாள் பார்த்தேன். என் அம்மா சுட்டுக் கொடுத்த அதிரசம் இரண்டை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் படுத்திருந்த நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டே தின்றது.

நான் குரும்பலூர். குரும்பலூரில் எந்தத் தெரு என்று கேட்பவர்களுக்கு ஒரு காலத்தில் பதில் சொல்லத் தயங்குவேன், பிறகு வேண்டுமென்றே முழுசாகச் சொல்வேன். ஐந்தாம் வகுப்பில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் சொம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் தண்ணீர் ஊற்றிய ஒரு ஆயாம்மாவை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். அதனால் அந்த அதிரசத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் திருமழபாடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அரியலூரில் வாக்கப்பட்டவர். நாற்பது வயதிருக்கும். வெயில் காலத்திலும் முழங்கை தாண்டிய கை வைத்த ரவிக்கைதான். பையில் ஒரு சோப்பு டப்பா, வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், துணியில் சுற்றிய ஒரு டம்ளர். வருகிற பையன்களின் மார்க் ஷீட்டைத் தொட்டால் சோப்பு. கதவின் கைப்பிடியைத் தொட்டால் சோப்பு. ஆபீசில் அவருக்குப் பெயரே 'சோப்பு மேடம்'. யாராவது தும்மினால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவார். தும்மியவர் முகம் என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போடுவார். திருச்சிக்குப் போகிறார் என்பது மட்டும் தெரியும். எதற்கு என்று தெரியாததால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கோர்ட்டில் கேஸ் என்றார்கள். குழந்தை இல்லாததற்கு வைத்தியம் என்றார்கள். எங்கள் சூப்பிரண்டெண்ட் ஒரு தடவை நேராகவே கேட்டார்.

"மாசா மாசம் அப்படி என்னம்மா வேல திருச்சில?"

"வேண்டுதல் சார்" என்றார் அவர். அதற்குமேல் சூப்பிரண்டெண்டால் கேட்க முடியவில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது அவரைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஹால் டிக்கெட்டில் பெயர் தப்பாக வந்துவிட்டது என்று தேர்வன்று காலையில் அழுதுகொண்டு வருகிற பெண்களை அவர் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் மேல் போன் போட்டு, மணி அடிப்பதற்குள் உட்காரவைத்துவிடுவார். அவர்கள் கும்பிட வந்தால் இரண்டடி பின்னால் போவார். "போ, போயி எழுது" என்பார். அந்த இரண்டடிதான் எனக்குத் தெரியும். போன் போட்டது என் கணக்கில் சேரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நாங்கள் சொந்தமாக வீடு கட்டினோம். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். அவர் ஓட்டமும் என் சம்பளமும் சேர்ந்து, இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் எழும்பின. எங்கள் தெருவில் அது பெரிய வீடு. பத்திரிகையை ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கும்போது மட்டும், அத்தனை நாள் அடக்கிவைத்தது வெளியே வந்துவிட்டது.

"மேடம், வர்றதுன்னா வாங்க. ஆனா எங்க வூட்டுக்கு வந்தா, எங்க வூட்டுத் தண்ணிய குடிக்கணும். குடிப்பீங்களா?"

பியூன் அண்ணன் கையில் கோப்புடன் நின்றுவிட்டார்.

அவர் பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். எதையோ கணக்குப் போடுவதுபோல உதடு அசைந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வர்றேம்மா. குடிக்கிறேன்."

வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணவரின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். வீடு கொள்ளாத கூட்டம். என் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் கைப்பம்பில் அடித்த தண்ணீர். அவர் கணவர் "ஏ..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொம்பை வாய்வைத்துக் குடித்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய்வைத்தே குடித்தார்.

பந்தியிலும் உட்கார்ந்தார். நான் எதிரே நின்று அவர் ஒவ்வொரு கவளம் எடுப்பதையும் பார்த்தேன். ஜெயித்துவிட்டவள்போல இருந்தது எனக்கு. என் மகளுக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாளாகச் சளி. மூக்கொழுகிக்கொண்டே போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் முகம் ஒரு நொடி வெளுத்ததை நான் கவனித்தேன். ஒதுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தன் முந்தானையால் அவளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, அப்பளத்தை உடைத்து அவள் கையில் கொடுத்தார். கிளம்பும்போது என் அம்மாவிடம், "சாம்பார் நல்லா இருந்துச்சும்மா. நான் வெளியில சாப்ட்டுப் பல வருசம் ஆச்சு" என்றார்.

புதன்கிழமை அவர் ஆபீசுக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. அடுத்த வாரம் அவர் கணவர் போன் செய்தார். திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நிமோனியா, லீவு பாரத்தில் கையெழுத்து வேண்டுமானால் யாராவது வர முடியுமா என்று கேட்டார். ஆபீசில் என்னைப் பார்த்தார்கள். நானே போனேன்.

அவர் கணவர் அரியலூரில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தவர். அதிகம் பேசாதவர். வார்டு வாசலில் என் கையில் ஒரு முகக்கவசத்தைக் கொடுத்து, கை கழுவச் சொன்னார். அந்தக் காலத்தில் அதை டாக்டர்கள்தான் போடுவார்கள்.

"ஏன் சார், ஒட்டிக்கிற வியாதியா?"

"அவகிட்டருந்து உங்களுக்கு ஒன்னும் ஒட்டாதும்மா. உங்ககிட்டருந்து அவளுக்கு ஒட்டக் கூடாது."

உள்ளே அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கம்பியில் ஒரு கண்ணாடிப் பாட்டில் தொங்கியது. தெளிந்த கஞ்சித் தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக, துணி மறைக்காத அவர் கையை நான் பார்த்தேன். முழங்கைக்கு உள்பக்கம் முழுக்க ஊசி குத்திக் குத்திக் கறுத்துத் தடித்திருந்தது. அந்த நீளக் கை ரவிக்கை எதற்கு என்று அப்போது புரிந்தது.

"ஒனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" என்று கேட்டார். மூச்சு இரைத்தது.

"போட்டுச்சு மேடம்."

"திரும்பப் போட்டுச்சா?"

"இல்ல."

"ஏன் போடல? ஒரு தடவ வந்தப்பவே ஒன் ரத்தத்துல அதுக்குன்னு ஒன்னு உருவாயிடுச்சு. ஆன்டிபாடின்னு சொல்றாங்க. எதிர்ப்புப் பொருள். அந்தக் கிருமி மறுபடி உள்ள வந்தா, அடையாளம் கண்டுக்கிட்டு அது மேல போயி ஒட்டிக்கிது. ஒட்டுனதுமே மத்த அணுவெல்லாம் வந்து அத முழுங்கிடுது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொன்னு. ஒங்க எல்லாருக்கும் பொறந்ததுலேர்ந்து சேந்துக்கிட்டே இருக்கு. எனக்கு அது ஊறவே மாட்டேங்குது. ஒரே சளி பத்துத் தடவ வந்தாலும் பத்துத் தடவையும் என் ரத்தத்துக்கு அது புதுசுதான்."

சிறு வயதிலிருந்தே காதில் சீழ், வருடம் தவறாமல் நெஞ்சுச் சளி. காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டினார்கள். கோயில் கோயிலாகக் கிடத்தினார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, சென்னையில் ஒரு டாக்டர்தான் ரத்தத்தைச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதற்குள் ஒரு காது கேட்காமல் போயிருந்தது. தும்மியவர்கள் முணுமுணுத்ததும் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் அவருக்குப் பாதி கேட்டே இருக்காது. மீதிப் பாதி கேட்டிருக்கும்.

"இந்தப் பாட்டில்ல இருக்கறது அதுதான்" என்று கம்பியைக் காட்டினார். "மத்தவங்க குடுத்த ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுக்கறது. ஒரு பாட்டிலுக்கு ஆயிரம் பேரு ரத்தம் வேணுமாம். எந்த ஊரு, எந்தத் தெருன்னு அதுல எழுதல. மாசம் ஒரு தடவ ஏத்திப்பேன். மூணு வாரம் நல்லா இருக்கும். நாலாவது வாரம் தீந்துபோயிடும். மத்த வாரம் சோப்பு, வீட்டுத் தண்ணின்னு சமாளிச்சுக்குவேன், அந்த வாரம் யார்கிட்டயும் அண்டவே மாட்டேன்."

என் வீட்டுப் பத்திரிகையைப் பார்த்து அவர் எதைக் கணக்குப் போட்டார் என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் கேட்டேன்.

"எங்க வூட்டு விசேசம்..."

"நாலாவது வாரம்தான்" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்! இத்தன வருசமா திமிரு புடிச்சவங்கன்னுதானே எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்கோம்?"

"சொன்னா, மொதல்ல அய்யோ பாவம்பாங்க. அப்புறம் எனக்கு ஒட்டிக்குமோன்னு பயப்படுவாங்க. வேலைக்கு ஆகாதுன்னு நெனப்பாங்க. திமிருன்னா ஒரு நல்லது, தானா தள்ளி நிப்பாங்க. எனக்கு அதானே வேணும்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா நீ கேட்டது தண்ணியப் பத்தி இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, ஒன்ன நானும் தள்ளி வச்சேன்னுதான் நீ சாகறவரைக்கும் நெனச்சிருப்ப. அதுக்கு இது பரவால்ல."

நான் அவர் காலடியில் நின்றுகொண்டு அழுதேன். கிட்டே போய்க் கையைப் பிடிக்கவும் பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது. அவருக்குப் பதிலாக நான் திமிர்பிடித்தவளானேன். "மேசைகிட்ட கூட்டம் போடாதீங்க" என்று அதட்டுவேன். சளியோடு வருகிறவர்களை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். இது எத்தனையாவது வாரம் என்று அவரைவிட எனக்குத்தான் முதலில் ஞாபகம் வரும். எப்போது 'மேடம்' போய் 'அக்கா' வந்தது என்று தெரியவில்லை. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட நாளெல்லாம் விசாரிப்பார். "கை வீங்குச்சா? காய்ச்சல் அடிச்சுதா? நல்லது, நல்லது. உள்ள வேல நடக்குது" என்பார். அவர் முகத்தில் அப்போது தெரிந்ததைப் பொறாமை என்று சொல்லமுடியாது. பசித்தவர், சாப்பிடும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

ஒரு தடவை கேட்டேன், ஏன் குழந்தை வேண்டாமென்று விட்டுவிட்டீர்கள் என்று. "எங்கிட்ட இருக்கறது எல்லாம் அடுத்தவங்க குடுத்தது. அதுல புள்ளைக்கு எங்கேர்ந்து குடுக்கறது?" என்றார். டாக்டர் பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாராம். இவருக்குத்தான் மனம் துணியவில்லை. அதைச் சொன்னபோது வினாத்தாள் கட்டுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தபோது நான் முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். "ஒன்னோடது எனக்கு வந்து சேரும்னு நெனக்கிறியா?" என்று சிரித்தார். "ஆயிரத்துல ஒன்னா வரலாம்ல அக்கா" என்றேன். அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என் தோளைத் தொட்டார். அவ்வளவு வருடத்தில் அவராக என்னைத் தொட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு கொரோனா வந்தது. ஊரே முகத்தை மூடிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்றது. "இப்பதான் எல்லாரும் என் கட்சிக்கு வந்திருக்கீங்க" என்று போனில் சிரித்தார். வீட்டை விட்டு இறங்கவே இல்லை. தடுப்பூசி வந்ததும் அதையும் போட்டுக்கொண்டார். "போட்டுக்கிட்டேன். ஆனா என் ரத்தம் அதுலேர்ந்து என்னத்தக் கத்துக்கப்போவுது?" என்றார்.

கொரோனாவை அவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அது அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆனால் முகாம்கள் நின்றுபோயிருந்தன. ரத்தம் கொடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். ரத்தம் இல்லையென்றால் அந்த மருந்தும் இல்லை. நாங்கள் எல்லாம் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு தைரியமாகக் கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்த சமயம், திருச்சியில் அவருக்கு வரவேண்டிய பாட்டில்கள் வரவில்லை. அவர் கணவர் சென்னை, மதுரை, பெங்களூர் என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். நானும் தெரிந்த மருந்துக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். நாலாவது வாரம் போனது. ஐந்தாவது, ஆறாவது. ஏழாவது வாரம் காய்ச்சல் கண்டது.

கொரோனா சோதனையில் இல்லை என்றே வந்தது. சாதாரண நிமோனியா. நம் எல்லார் தொண்டையிலும் சும்மா வந்து போகிற ஏதோ ஒரு கிருமி. நுரையீரலில் ஒரு பக்கம் பழைய தழும்பு, அதனால்தான் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

திருமழபாடியில், கொள்ளிடக் கரையில் எரித்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பும்போது அவர் கணவரிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், அந்தப் பழைய தழும்பு... எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனப்ப வந்ததா?"

அவர் குனிந்து காலில் ஒட்டியிருந்த ஆற்று மணலைத் தட்டிவிட்டார்.

"அவளுக்கு ஒடம்பு பூரா தழும்புதாம்மா. எது எப்ப வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் தூங்குவதற்கு அது போதவில்லை.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. அவர் மனைவியின் பெயரில் கேட்டிருந்த மருந்து வந்துவிட்டது, ஐந்து பாட்டில். திருப்பி அனுப்பிவிடவா, அல்லது காத்திருக்கிற வேறு யாருக்காவது கொடுக்கலாமா, எதுவானாலும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவருக்குத் தனியாகப் போகத் தெம்பில்லை. மறுநாள் காலை நானும் கூடப் போனேன்.

காத்திருந்தது ஒரு குழந்தை. நாலு வயதுப் பெண். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா துபாயில். முக்காடு போட்ட ஒரு இளம் தாய், குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் காதில் பஞ்சு. அந்த உடம்புக்கு இப்போதைக்கு ஒரு பாட்டில் போதும், மீதியை அடுத்தடுத்த மாதங்களுக்கு வைத்துக்கொள்வோம் என்று நர்ஸ் சொன்னார். அக்காவின் கணவர் கையெழுத்துப் போட்டார். கிளம்பிவிடலாம் என்றேன். "கொஞ்சம் இரும்மா" என்று அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டினார். முதல் சொட்டு இறங்கியது. குழந்தை கையை இழுத்துக்கொண்டு சிணுங்கியது. பிறகு பழகிவிட்டது.

அந்தத் தாய் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருந்து ஒங்களோடதுன்னு நர்சம்மா சொன்னாங்க. யாருக்குங்க வாங்குனது?"

"எங்க வூட்ல ஒருத்தங்களுக்கு."

"அவங்களுக்கு வேணாமா?"

"இப்பத் தேவப்படல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கொணமாயிட்டாங்களா?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார்.

"அல்ஹம்துலில்லா." ஊசி குத்தியிருந்த சின்னக் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் மேலே உயர்த்தினாள். "அவங்களுக்கு அல்லா நீண்ட ஆயுசக் குடுக்கட்டும்."

பாட்டில் முழுவதும் இறங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.